ஸ்பெயின் பாணி முயல் குழம்பு: ஞாயிற்றுக்கிழமைக்குள் வழி சொல்லுங்கள்

நிலா_துலூஸ் (வெள்ளி, இரவு 9:12)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது துலூஸ் பக்கம். பிரனீஸ் மலையைத் தாண்டினால் ஸ்பெயின். போன கோடையில் ஹூவெஸ்கா அருகே ஒரு சின்ன ஊரில், மண்சட்டியோடு கொண்டுவந்து வைத்த முயல் குழம்பைச் சாப்பிட்டோம். காரம் கிடையாது, தேங்காய் கிடையாது. ஆனாலும் கெட்டியாக, பழுப்பாக, உருளைக்கிழங்கு ஓரமெல்லாம் கரைந்து அவ்வளவு நன்றாக இருந்தது. இந்த ஞாயிறு மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். எங்களோடு சேர்த்து ஆறு பேர். மாமனார் அதே குழம்பைத்தான் கேட்கிறார்.

இணையத்தில் தேடினால் ஒருவர் பூண்டு மட்டும் போடுகிறார், ஒருவர் சாக்லேட் போடுகிறார், இன்னொருவர் இரவு முழுக்க வினிகரில் ஊறவைக்கச் சொல்கிறார். எது அசல்? முயலை எப்படி வெட்டுவது, கறி வறண்டு போகாமல் இருக்க என்ன செய்வது? என் வீட்டுக்காரர் "குக்கரில் நாலு விசில் விடு, முடிந்தது" என்கிறார். அதற்கும் ஒரு தீர்ப்பு சொல்லுங்கள்.

கொங்கு_குமார் (வெள்ளி, இரவு 9:31)

எதற்கு இவ்வளவு யோசனை? சின்ன வெங்காயம் வதக்கி, மிளகு சீரகம் வறுத்து அரைத்து, நம்ம ஊர் முயல் வறுவலாகச் செய்துவிடுங்கள். மாமனார் இன்னொரு கரண்டி சோறு கேட்பார். ஸ்பெயின்காரனுக்கு மசாலா எங்கே தெரியும்?

வலென்சியா_வாசு (வெள்ளி, இரவு 10:05)

குமார் அண்ணே, அப்படிச் சொல்லிவிடாதீர்கள். மிளகாய் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே இவர்கள் கப்பலில்தான். நமக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் பக்கத்து வீட்டுப் போர்த்துகீசியர்கள். லா மான்சாவில் குங்குமப்பூ விளைகிறது. இவர்களுக்கு மசாலா தெரியும், ஆனால் ஒரு சட்டியில் ஒன்றோ இரண்டோ போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

நிலா, எது அசல் என்று கேட்டால் பதில் கிடைக்காது, ஏனென்றால் ஊருக்கு ஒரு முயல் குழம்பு இருக்கிறது. நீங்கள் பார்த்த பூண்டுக்காரர் செய்வது 'கொனேஹோ அல் அஹியோ'. அதில் குழம்பே அதிகம் இருக்காது. நிறைய ஆலிவ் எண்ணெய், நிறைய பூண்டு, கொஞ்சம் வெள்ளை ஒயின், அவ்வளவுதான். வினிகரில் ஊறவைப்பவர் கேனரி தீவு முறையைச் சொல்கிறார். பூண்டு, உப்பு, மிளகாய்ப்பொடி, ஓரிகானோ, வினிகர், ஒயின் எல்லாம் சேர்த்து ஊறவைத்து, கறியை எண்ணெயில் பொரித்து, ஊறிய சாற்றையே மேலே ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள். உப்புத்தண்ணீரில் தோலோடு சுருங்க வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கோடு பரிமாறுவார்கள். சாக்லேட்காரர் கட்டலோனியர். லா மான்சாவுக்குப் போனால் வேறு கதை: முயல், காட்டுமுயல், கௌதாரி என்று கிடைத்ததை வேகவைத்து, புளிக்காத தட்டை ரொட்டியைப் பிய்த்து அந்தச் சாற்றிலேயே போட்டு வேகவிடுவார்கள். எங்கள் வலென்சியாவில் முயல் நேராகப் பயேயாவுக்குள், அதாவது அகலத் தட்டில் சமைக்கும் சோற்றுக்குள், போய்விடும். ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளும் பயேயாவில் கோழியும் முயலும்தான். இறால் போட்டதைச் சுற்றுலாப் பயணிகள் சாப்பிடுவார்கள்.

நீங்கள் ஹூவெஸ்காவில் சாப்பிட்டது 'எஸ்தொஃபாதோ' வகை, அதாவது சட்டியில் மெதுவாகக் குழைய வேகவைப்பது. அது அரகோன் பகுதி, பக்கத்திலேயே கட்டலோனியா. கெட்டியாக, பழுப்பாக இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் கடைசியில் பாதாம் அரைத்து ஊற்றியிருப்பார்கள். இதை லெரிதா அக்காதான் சரியாகச் சொல்லவேண்டும், எங்கே காணோம்?

பூனைக்கண்_ப்ரியா (வெள்ளி, இரவு 10:20)

முயலைப் போய் எப்படித்தான் சாப்பிட மனசு வருகிறதோ. எங்கள் வீட்டில் ஒன்று வளர்கிறது.

வலென்சியா_வாசு (வெள்ளி, இரவு 10:34)

ப்ரியா, இங்கேயும் இளைஞர்கள் பலர் இதையேதான் சொல்கிறார்கள். முயல் விற்பனை வருடாவருடம் குறைந்துகொண்டே வருகிறது. தாத்தா பாட்டிகள்தான் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் ஒன்று, முயல் இவர்களுக்கு எங்கிருந்தோ வந்த பிராணி இல்லை. ஐரோப்பிய முயலின் பூர்வீகமே இந்தத் தீபகற்பம்தான். பாலியாரிக் தீவுகளில் முயல் பெருகி விளைச்சலையெல்லாம் அழித்தபோது, அங்கிருந்தவர்கள் அகஸ்டஸ் பேரரசரிடம் படை அனுப்பச் சொல்லி முறையிட்டார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு நிலைமை தலைகீழ். 1950-களில் பரவிய மிக்சோமட்டோசிஸ் நோயும், பிறகு வந்த ரத்தக்கசிவு நோயும் காட்டில் முயலை வாரிக்கொண்டு போய்விட்டன. அதையே நம்பி வாழும் ஐபீரிய லின்க்ஸ் பூனையும் அழியும் நிலைக்குப் போய், இப்போதுதான் மீண்டு வருகிறது. கடையில் விற்பது பண்ணை முயல்.

லெரிதா_மருமகள் (வெள்ளி, இரவு 11:48)

வந்துவிட்டேன் வாசு. மாமியார் வீட்டில் இருந்தேன், அவரையே கேட்டுக்கொண்டு வந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நிலா, ஆறு பேருக்கு ஒரு முயல் போதாது. தோலுரித்துச் சுத்தம் செய்த முயல் 1.2 முதல் 1.4 கிலோ இருக்கும், நாலு பேருக்குத்தான் வரும். இரண்டு வாங்குங்கள். ஈரலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், அதில்தான் விஷயம் இருக்கிறது. நான் சொல்லும் அளவுகள் ஒரு முயலுக்கு.

முதலில் கறியின் ஈரத்தைத் துணியாலோ காகிதத்தாலோ நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் சிவக்காது, வெந்துதான் போகும். உப்பும் மிளகும் தடவி வையுங்கள். அடிகனமான அகலச் சட்டியில் 100 மில்லி ஆலிவ் எண்ணெய். குறைக்காதீர்கள். முயலில் கொழுப்பே கிடையாது, இந்த எண்ணெய்தான் அதற்குப் பதில். எண்ணெய் காய்ந்ததும் முதலில் தோல் நீக்கிய பாதாம் இருபது, பூண்டு மூன்று பல், பழைய ரொட்டி ஒரு துண்டு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பொன்னிறமாக வறுத்து எடுத்துவிடுங்கள். ஈரலையும் இரண்டு நிமிடம் புரட்டி எடுங்கள். அப்புறம் கறித் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்கவிட்டு எடுத்து வையுங்கள். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

அதே எண்ணெயில் பெரிய வெங்காயம் இரண்டு, பொடியாக நறுக்கியது. தீயைக் குறைத்து வைத்து அரை மணி நேரம். ஆமாம், அரை மணி நேரம். நம் பழக்கத்தில் பத்து நிமிடத்தில் தக்காளியைப் போட்டுவிடுவோம், கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் கரைந்து பழுப்பாகி, சட்டியில் பாதியாகச் சுருங்கவேண்டும். ஹூவெஸ்காவில் நீங்கள் பார்த்த நிறத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. பிறகு இரண்டு தக்காளியைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியில் தேயுங்கள். சதை கீழே விழும், தோல் கையில் நிற்கும். அதைச் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை வதக்குங்கள். இதற்கு இங்கே சொஃப்ரீத்தோ என்று பெயர். எந்தக் குழம்புக்கும் அடித்தளம் இதுதான்.

சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஒரு டீஸ்பூன் பிமென்தோன், அதாவது ஸ்பெயின் மிளகாய்ப்பொடி, போட்டுக் கலக்குங்கள். சூட்டில் போட்டால் நொடியில் கருகிக் கசந்துவிடும். உடனே இனிப்பில்லாத வெள்ளை ஒயின் ஒரு டம்ளர், 200 மில்லி, ஊற்றி மறுபடி அடுப்பில் வைத்துப் பாதியாகச் சுண்டவிடுங்கள். சாராய நெடி போய் வாசனை மாறும்போது தெரியும். இப்போது கறி, பிரிஞ்சி இலை இரண்டு, தைம் ஒரு கொத்து. கறியைச் சற்றே மூடும் அளவு எலும்புச் சாறோ வெந்நீரோ ஊற்றி, மூடியை ஒரு ஓரம் திறந்து வைத்து, சின்னத் தீயில் விடுங்கள். குழம்பு தளதளவென்று கொதிக்கக் கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும்.

முதுகுத் துண்டுகளை மட்டும் முதலில் போடாதீர்கள். தொடையும் முன்காலும் வேக ஐம்பது நிமிடம், ஒரு மணி நேரம் ஆகும். முதுகுக்கு அதில் பாதி போதும், அதிகம் வெந்தால் பஞ்சாகிவிடும். கடைசி இருபத்தைந்து நிமிடத்தில் முதுகையும் உருளைக்கிழங்கு அரை கிலோவையும் சேர்த்துப் போடுங்கள். கிழங்கை முழுக்க வெட்ட வேண்டாம். கத்தியைப் பாதி இறக்கி, முறுக்கி, பிளந்து எடுங்கள். பிளந்த பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் மாவு இறங்கிக் குழம்பு கெட்டியாகும்.

இனி பிக்காடா. வறுத்த பாதாம், பூண்டு, ரொட்டி, ஈரல், ஒரு பிடி பார்ஸ்லி, கொஞ்சம் குங்குமப்பூ. எல்லாவற்றையும் உரலில் இடித்து, குழம்பையே இரண்டு கரண்டி விட்டுக் கரைத்து, இறக்க எட்டுப் பத்து நிமிடம் இருக்கும்போது ஊற்றுங்கள். குருமாவுக்குக் கடைசியில் முந்திரி அரைத்து ஊற்றுகிறோமே, அந்த வேலைதான். சீக்கிரம் ஊற்றினால் அடிபிடிக்கும். சாக்லேட் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் போடுவார்கள்: கறுப்புச் சாக்லேட், 20 கிராம், இனிப்பு தெரியவே தெரியாது. நிறமும் ஒரு லேசான கசப்பும் வரும். என் மாமியாருக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், அவர் ஊரில் இல்லாதபோது போடுவேன்.

யாழ்தேவி_பாரிஸ் (சனி, காலை 7:15)

பிள்ளை நிலா, வெட்டுற விஷயத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. நான் சொல்றன். கசாப்புக் கடையிலை கோழி வெட்டுற மாதிரி டொக்கு டொக்கெண்டு வெட்ட விட்டிடாதேங்கோ. முயல் எலும்பு மெல்லிசு, கத்தி விழுந்தால் ஊசி ஊசியாய்ச் சிதறும். குழம்புக்குள்ளை அது எங்கை கிடக்குதெண்டு தெரியாது. சின்னப் பிள்ளையள் இருந்தால் இன்னும் கவனம்.

முழுசாய் வாங்கி வீட்டிலை மூட்டு மூட்டாய்ப் பிரியுங்கோ. முன்காலுக்கு உடம்போடை எலும்பு மூட்டே இல்லை, தசையிலைதான் ஒட்டிக்கொண்டிருக்கும். தோள்பட்டை எலும்பை ஒட்டிக் கத்தியை விட்டால் தானாய்க் கழண்டு வரும். பின்காலை வெளிப்பக்கம் மடக்கினால் மூட்டு கிளம்பும், அதிலை வெட்டுங்கோ. பெரிய தொடையை முழங்காலிலை இன்னொருக்கால் பிரிக்கலாம். முதுகை மட்டும் பாரமான கத்தியாலை ஒரே வெட்டாய் மூண்டு துண்டு. விலா எலும்பு, கழுத்து, தலை எல்லாத்தையும் ஒரு கரட், ஒரு லீக்ஸ் போட்டு ஒரு மணித்தியாலம் அவிச்சு வடிச்சால், அந்தப் பிள்ளை சொன்ன எலும்புச் சாறு வந்திடும். சிதற வேண்டியதெல்லாம் வடியிலை நிண்டிடும்.

ஒரு கேள்வியும் இருக்கு. வன்னியிலை எங்கடை ஆக்கள் முயல் இறைச்சியெண்டால் மஞ்சள் போட்டுக் கழுவாமல் சட்டிக்குக் கிட்டவும் கொண்டுபோகாயினம். இதுக்கும் கழுவலாமோ?

லெரிதா_மருமகள் (சனி, காலை 8:40)

அம்மா, வெட்டும் முறையை இவ்வளவு தெளிவாக என் மாமியார்கூடச் சொல்லித் தந்ததில்லை. மஞ்சள் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பண்ணை முயலுக்கு அந்த வாடை கிடையாது. காட்டில் பிடித்தது என்றால் இங்கேயும் வினிகரும் உப்பும் கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு எடுப்பார்கள். மஞ்சள் பட்டால் பிக்காடாவின் குங்குமப்பூ வாசனை காணாமல் போய்விடும்.

குக்கர்_கோபு (சனி, காலை 9:02)

நிலாவின் வீட்டுக்காரருக்கு ஆதரவாக ஒரு ஓட்டு. நான் பர்மிங்காமில் முயலைக் குக்கரில்தான் வைக்கிறேன். பஞ்சாக வெந்துவிடும். ஒரு மணி நேரம் கேஸ் எரிப்பதெல்லாம் உணவகக்காரர்களின் பந்தா.

வலென்சியா_வாசு (சனி, காலை 9:45)

கோபு, "அசல் ஸ்பெயின் வீட்டில் குக்கர் கிடையாது" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். இவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே குக்கருக்குக் காப்புரிமை வாங்கியவர்கள். 'ஒயா எக்ஸ்பிரஸ்' இல்லாத பாட்டி இங்கே இல்லை. கொண்டைக்கடலை, பயறு, மாட்டுவால் எல்லாம் அதில்தான். ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், பஞ்சாக வெந்துவிடும் என்று. பிரச்சினையே அதுதான். பண்ணை முயல் இரண்டு, மூன்று மாதக் குட்டி. அது ஏற்கெனவே மெத்தென்று இருக்கும்.

கால்நடை_கண்ணன் (சனி, காலை 10:30)

வாசு சொல்வதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். கடினமான கறியை நீண்ட நேரம் வேகவைப்பது அதில் இருக்கும் இணைப்புத் திசு கரைந்து வழுவழுப்பாக மாறுவதற்காக. ஆட்டுத் தொடையிலும் மாட்டுக் காலிலும் அது நிறைய, கூடவே கொழுப்பும் உண்டு. அதனால் கூடுதலாக வெந்தாலும் தொண்டையில் சிக்காது. குட்டி முயலின் முதுகில் இரண்டுமே குறைவு. குக்கருக்குள் கிட்டத்தட்ட 120 டிகிரி போகும். அந்தச் சூட்டில் தசை நார் சுருங்கித் தன் சாற்றைப் பிழிந்து வெளியே விட்டுவிடும். சுற்றிலும் குழம்பு இருந்தாலும் கறி வறண்டதாகத்தான் வாயில் படும். பாதுகாப்புக்கு 71 டிகிரி உள்சூடு வந்தால் போதும், சின்னத் தீயிலேயே அது தாராளமாக வந்துவிடும். வயதான முயல், காட்டுமுயல் என்றால் குக்கர் நியாயம்தான்.

அப்படியே இன்னொரு விஷயம். ஐரோப்பாவில் வேட்டைக்காரர்களிடமிருந்து காட்டுமுயல் வாங்குகிறவர்கள் கையுறை போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். துலரேமியா என்ற தொற்று கையில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவே ஏறிவிடும். கறியை முழுக்க வேகவைத்துச் சாப்பிட்டால் பயமில்லை. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: காட்டில் முயல் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், குமார் அண்ணன் சொன்ன வறுவலுக்கும் இது பொருந்தும். பண்ணை முயல் வேறு. கொடைக்கானல் மன்னவனூரில் இருக்கும் மத்திய ஆராய்ச்சி மையத்தில் இறைச்சிக்கான முயல் இனங்களை வளர்க்கிறார்கள்.

கொங்கு_குமார் (சனி, காலை 10:41)

டாக்டர், நான் பண்ணை முயலைத்தான் சொன்னேன்!

ஷமீமா_டொராண்டோ (சனி, மாலை 6:20, இந்திய நேரம்)

எங்கள் வீட்டில் ஒயின் கிடையாது. அதை விட்டுவிட்டால் இந்தக் குழம்பு நிற்குமா? பிமென்தோனுக்குப் பதில் காஷ்மீரி மிளகாய்த்தூள் போடலாமா? இந்தியக் கடைப் பிரியாணி இலைதான் கைவசம் இருக்கிறது.

லெரிதா_மருமகள் (சனி, இரவு 7:35)

தாராளமாக நிற்கும். ஒயின் அங்கே செய்யும் வேலை புளிப்பு கொடுப்பதும், சட்டியின் அடியில் ஒட்டிய பழுப்பைக் கரைத்து எடுப்பதும். ஆப்பிள் வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, எலும்புச் சாறு ஒரு டம்ளர், இரண்டையும் கலந்து அந்த இடத்தில் ஊற்றிச் சுண்டவிடுங்கள். திராட்சை ஜூஸ் ஊற்றச் சொல்லும் குறிப்புகளை ஒதுக்கிவிடுங்கள், இனிப்பாகிவிடும்.

பிரியாணி இலை பற்றி நல்ல கேள்வி. நான் மேலே பிரிஞ்சி இலை என்று எழுதியது இங்கே கிடைக்கும் லாரல் இலையை. நம் கடை இலை வேறு மரம், பட்டை மரத்தின் உறவு. நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசனை அடிக்கும். லாரலில் நடுவில் ஒரே நரம்பு, வாசனை கொஞ்சம் கற்பூரம் கலந்த மாதிரி. கனடாவில் எந்தக் கடையிலும் 'பே லீஃப்' என்று கிடைக்கும். கிடைக்காவிட்டால் நம் இலையில் பாதி மட்டும் போடுங்கள். இங்கேயே உலர்ந்த பிளம்ஸும் பைன் கொட்டையும் போட்டு முயல் செய்வார்கள், அதில் பட்டைத் துண்டு போடுகிற வீடுகள் உண்டு. அதனால் அபசாரம் ஒன்றும் இல்லை.

வலென்சியா_வாசு (சனி, இரவு 8:10)

மிளகாய்த்தூளுக்கு நான் சொல்கிறேன். காஷ்மீரியில் நிறம் வரும், புகை வாசனை வராது. எஸ்த்ரெமதூராவில் லா வேரா பள்ளத்தாக்கில் அறுவடை நேரம் மழை ஈரம் அதிகம். வெயிலில் காய வைக்க முடியாததால் மிளகாயைப் பரண் மேல் பரப்பி, கீழே ஓக் விறகை மூட்டி, இரண்டு வாரம்வரை கையாலேயே புரட்டிப் புரட்டி உலர்த்துவார்கள். அந்தப் புகைதான் தூளில் இருக்கிறது. தகர டப்பாவில் வரும். 'துல்சே' என்றால் காரமில்லாதது, 'பிகாந்தே' காரம், நடுவில் ஒன்றும் உண்டு. எல்லா ஸ்பெயின் மிளகாய்ப்பொடியும் புகை போட்டது இல்லை. முர்சியா பக்கத்துப் பொடியில் புகை கிடையாது. அந்த ருசிக்குக் காஷ்மீரி அரை டீஸ்பூன் சரியாகவே பொருந்தும்.

நிலா_துலூஸ் (சனி, இரவு 9:30)

காலையில் சந்தையில் இரண்டு முயல் வாங்கிவிட்டேன், தலையோடு. கடைக்காரர் வெட்டித் தருகிறேன் என்று கத்தியை எடுத்தார். யாழ்தேவி அம்மாவை நினைத்துக்கொண்டு வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். மாலையில் உட்கார்ந்து பிரித்தேன். முன்கால் சொன்ன மாதிரியே கழன்று வந்தது. எலும்புச் சாறு இப்போது அடுப்பில். கடைசி இரண்டு சந்தேகம்: இன்றிரவே செய்து வைத்துவிட்டு நாளை சூடு பண்ணலாமா? இரண்டு முயலுக்கு எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிவிடவா?

லெரிதா_மருமகள் (சனி, இரவு 10:02)

இன்றிரவே செய்தால் நல்லதுதான், மறுநாள் ருசி கூடும். ஆனால் முதுகு, உருளைக்கிழங்கு, பிக்காடா மூன்றையும் நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று காலும் தொடையும் அரை மணி நேரம் வேகட்டும். ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். நாளை மெதுவாகச் சூடேற்றி மிச்சத்தைச் சேர்த்தால் எல்லாம் ஒரே நேரத்தில் முடியும்.

வெங்காயம், தக்காளி, கிழங்கு, பாதாம், ஒயின் எல்லாம் இரட்டிப்பு. எண்ணெய் மட்டும் ஒன்றரை மடங்கு. எலும்புச் சாற்றை அளந்து ஊற்றாதீர்கள், கறி மூடும் அளவு பார்த்து ஊற்றுங்கள். இரண்டு ஈரலையும் பிக்காடாவில் போட்டால் ஈரல் ருசி தூக்கலாகும். ஒன்று போதும். மற்றதை உப்பு மிளகு போட்டு வறுத்து, சமைக்கிறவரே நின்றபடி சாப்பிட்டுவிட வேண்டியதுதான்.

சைவம்_சாந்தி (சனி, இரவு 10:15)

முயல் பக்கமே வராதவள், ஆனாலும் முழுக்கப் படித்தேன். அந்தப் பாதாம் விழுதை ஈரல் இல்லாமல் காய்கறியில் ஊற்றலாமா?

லெரிதா_மருமகள் (சனி, இரவு 10:21)

தாராளமாக. ஈஸ்டருக்கு முன் கறி சாப்பிடாத நாட்களில் இங்கே கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் போட்டுச் செய்வார்கள், அதிலும் இதே பிக்காடா போடலாம். அதே வெங்காயம், அதே பொறுமை.

நிலா_துலூஸ் (ஞாயிறு, மாலை 5:50)

முடிந்தது! பிக்காடா ஊற்றும்வரை ரசமாகத் தண்ணீராகத்தான் இருந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஊற்றிப் பத்து நிமிடத்தில் கரண்டியில் ஒட்டும் பதத்துக்கு வந்துவிட்டது. தொடை எலும்பை விட்டு வழுக்கிக்கொண்டு வந்தது, முதுகும் வறளவில்லை. மாமனார் உப்பு கொஞ்சம் குறைவு என்றார். ஆனால் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். மாமியார் சமையல் முறையை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார், இந்த இழையைத்தான் அனுப்பப் போகிறேன். வீட்டுக்காரர் குக்கரைப் பற்றி இன்று பேசவில்லை.

ஆளுக்கு ரொட்டியும் சாலட்டும் வைத்தேன். முன்கால் துண்டுகளும் குழம்பும் கொஞ்சம் மீதி இருக்கிறது. நாளைக்கு அப்படியே சூடு பண்ணவா, வேறு ஏதாவது செய்யலாமா?

வலென்சியா_வாசு (ஞாயிறு, மாலை 6:25)

சூடு பண்ணாதீர்கள், சோறாக்கிவிடுங்கள். இங்கே மிச்சக் குழம்பின் விதி அதுதான். கறியை எலும்பிலிருந்து உதிர்த்துத் தனியே வையுங்கள், எலும்புத் துணுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குழம்பில் மீதி எலும்புச் சாற்றைக் கலந்து கொதிக்கவிட்டு அரிசி போடுங்கள். ஒரு பங்கு அரிசிக்கு நாலு பங்கு சாறு, ஆளுக்கு 80 கிராம் அரிசி. பதினேழு பதினெட்டு நிமிடம். இறக்கும்போது கறி. பாஸ்மதி வேண்டாம், சாற்றைக் குடிக்காது. பொம்பா அரிசி உங்கள் ஊரில் கிடைக்கும், இல்லையென்றால் இத்தாலியர்களின் ஆர்போரியோ. தளர்வாகத்தான் இருக்கும், கரண்டியால் சாப்பிடுவது. உடனே சாப்பிடவேண்டும், கால் மணி நேரம் விட்டால் களியாகிவிடும்.

யாழ்தேவி_பாரிஸ் (ஞாயிறு, இரவு 8:05)

வாசு தம்பி, அந்தச் சோத்துக்கு உள்ளி இன்னும் கொஞ்சம் தட்டிப் போடலாமோ? எனக்கு இதிலை உள்ளி காணாதெண்டு நினைக்கிறன்.

வலென்சியா_வாசு (ஞாயிறு, இரவு 8:19)

போடுங்கம்மா. நாலு பல் தட்டி, எண்ணெயில் சிவக்கவிட்டு, அரிசிக்கு முன்னால். இங்கே யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள்.